கேதகி தீதி பயந்துபோன மத்தியானம்

எங்கள் சந்தில் கேதகி தீதியைப் பயமுறுத்திப் பார்க்காத ஆள் கிடையாது. வெள்ளைப் போர்வையைப் போர்த்திக்கொண்டு மாடிப்படியில் நின்றவன்கூட உண்டு. "யாருடா அது, காய்ச்சலா?" என்று கேட்டுவிட்டு மேலே போய்விட்டாள். வடக்குக் கல்கத்தாவில் மின்சார ஆபீஸின் புகார் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, கரண்ட் போன கோபத்தோடு வருகிற முகங்களைப் பார்த்துப் பார்த்து, அவளுக்குப் பயப்படுகிற நரம்பே மரத்துப்போய்விட்டது என்று சந்தில் பேச்சு.

வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று. கல்யாணம் என்று யாராவது பேச்செடுத்தால், "அதைவிடப் பயங்கரமான புத்தகம் வீட்டுல நிறைய இருக்கு" என்று வாயை அடைத்துவிடுவாள். அம்மா போனபிறகு இரண்டாம் மாடி வீட்டில் அவளும் புத்தகங்களும்தான். சமையலறையில் பருப்பு டப்பாவுக்குப் பக்கத்தில்கூடப் பேய் நாவல் இருக்கும். பெரியவர்களுக்கு எழுதினது, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு எழுதினது, துர்கா பூஜை மலர்களில் வந்தது, ஒன்றையும் விடமாட்டாள். வயது வித்தியாசமில்லாமல் சந்துக்கே அவள் தீதி, அக்கா. தாத்தாவுக்கும் தீதி, பேரனுக்கும் தீதி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளப் அறையில் கேரம் பலகையைச் சுற்றி அரட்டை நடக்கும். அங்கே அவள் வைத்ததுதான் தீர்ப்பு. தீர்ப்புக்கு ஒரு முறையும் வைத்திருந்தாள். கடுகெண்ணெயும் பச்சை மிளகாயும் போட்டுப் பிசைந்த பொரிக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு படிப்பாள். வாய்க்குப் போகிற கை நடுவில் நின்றுவிட்டால் நாவல் தேறியது. நிற்காமல் கிண்ணம் காலியானால் நாவல் காலி. கிண்ணம் எப்போதும் காலியாகிக்கொண்டேதான் இருந்தது.

"பெரியவங்களுக்கு எழுதறவனுங்களுக்கு என்ன கேடு வந்திருக்கு தெரியுமா?" என்று ஆரம்பிப்பாள். "நூறு பக்கம் தாண்டறதுக்குள்ள ஒரு மாந்திரீகனைக் கூட்டிட்டு வந்துடறான். சுடுகாடு, மண்டை ஓடு, வாளி வாளியா ரத்தம். பேய் வர்றதுக்கு முன்னாடி அந்தாளு பூஜை சாமான் கணக்குப் படிக்கிறான். எனக்கு அங்கேயே கொட்டாவி வந்துடுது. சரி, பேயாவது ஒழுங்கா வருதான்னா, அதுக்கும் ஒரு குறை. சொத்தைப் பிடுங்கிட்டாங்க, புருஷன் ஏமாத்திட்டான், நியாயம் கிடைக்கலை. என் ஜன்னல்ல வந்து நிக்கிறவங்களும் இதைத்தானே சொல்றாங்க! மனு குடுக்கற பேய்க்கு எவன்டா பயப்படுவான்?"

"அப்போ எங்களுக்கு எழுதறது?" என்பாள் மிம்லி. கேதகிக்குக் கீழ்வீட்டு ஜூமாவின் பெண். பதினாறு வயது, வாய் முப்பது வயது.

"அது எவ்வளவோ தேவலை. உங்களுக்கு எழுதறப்போ ரத்தம் கூடாது, அசிங்கம் கூடாது. கையைக் கட்டிட்டாங்க. அப்போ நிஜமாவே பயமுறுத்தித்தானே ஆகணும்? பூட்டின ரூம், ஈரக் காலடி, அவ்வளவுதான் கையில இருக்கிற முதல். அதை வச்சுக்கிட்டு முக்கால்வாசி நல்லாத்தான் கொண்டுபோறான். கடைசியில பெத்தவங்க கோவிச்சுக்குவாங்களோன்னு பயந்து, எல்லாரையும் உட்கார வச்சுக் கிச்சடி போட்டு அனுப்பிடறான். பயமுறுத்தறவனே பயந்தா எப்படி?"

எல்லோரும் சிரிப்பார்கள். கிளப் செயலாளர் ஹாபுல் இன்னொரு சுற்று டீ சொல்வார். மூலையில் முக்காலியில் உட்கார்ந்து லாண்ட்ரிக் கடை போம்போல் மட்டும் சத்தமில்லாமல் கேட்டுக்கொண்டிருப்பான். நாற்பதை நெருங்குகிற ஆள். ஞாயிறு தவறாமல் வருவான், வாயைத் திறக்கமாட்டான். சந்து முழுக்கச் சட்டை அவன் தேய்த்ததுதான். ஆனால் அவன் குரல் எப்படி இருக்கும் என்று கேட்டால் பாதிப் பேர் யோசிப்பார்கள்.

போம்போல், ஹாபுல் என்பதெல்லாம் வீட்டில் கொஞ்சிக் கூப்பிட்ட பேர்கள். பள்ளிக்கூடப் பேர் என்று ஒன்று எல்லோருக்கும் உண்டு, ரேஷன் கார்டில் பத்திரமாகத் தூங்கும். எங்கள் சந்தில் அதை யார் சீண்டினார்கள்? பத்து வருஷம் பக்கத்துவீட்டில் இருந்தவனின் பள்ளிக்கூடப் பேர் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரியும். கேதகி மட்டும் இதில் தலைகீழ். உத்தியோகத்துக்கு வந்த பிறகு இந்தச் சந்துக்குக் குடிவந்தவள். அதனால் ஆபீஸ் பலகையில் இருந்த பேரே நிலைத்துவிட்டது. அவளுக்கும் ஒரு வீட்டுப் பேர் இருந்தது, டுனி. அதைச் சொல்லி அம்மா மட்டும்தான் கூப்பிடுவாள், அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளே. அம்மா போனதும் அந்தப் பேரும் போயிற்று.

அந்த ஜனவரியில் புத்தகச் சந்தைக்குப் போய்விட்டு வந்த மிம்லி ஒரு மெல்லிய புத்தகத்தைக் கொண்டுவந்து கேதகியின் மடியில் போட்டாள்.

"தீதி, இதுக்கு உங்க கை நிக்கும். நிக்கலேன்னா எல்லாருக்கும் சுடச்சுடப் பொரிச்ச மீன் சாப் என் செலவு. நின்னா உங்க செலவு."

அட்டையில் 'தாழ்ப்பாளுக்கு அந்தப் பக்கம், முதல் பாகம்' என்று இருந்தது. எழுதினவர் நிர்மால்ய சர்க்கார். புதுப் பேர், படமும் இல்லை. "பிள்ளைங்க புத்தகமா? பொரி பாதி தீர்றதுக்குள்ள முடிச்சுடுவேன்" என்றாள் கேதகி.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தாள். நல்ல வெயில். ஜன்னல் வழியாகப் பக்கத்து மாடியில் யாரோ ஆரஞ்சு உரிக்கிற வாசனைகூட வந்தது. பேய்க்கு இதைவிட மோசமான நேரம் கிடையாது.

கதை சின்னதுதான். ஒரு பெண், பதினைந்து வயது. அம்மா செத்துப்போனதும் வேறு ஊரில் அத்தை வீட்டில் கொண்டுபோய் விடுகிறார்கள். அங்கே எல்லோருக்கும் அவளுடைய பள்ளிக்கூடப் பேர்தான் தெரியும். அம்மா கூப்பிட்ட 'புட்கி' என்கிற பேரைத் தெரிந்தவர்கள் உயிரோடு யாருமில்லை. ஒரு நாள் மத்தியானம், வீடே தூங்கும்போது, மாடிப்படியிலிருந்து ஒரு குரல். "புட்கி." அம்மாவின் குரல். அந்தப் பெண் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் கதவுக்குப் பக்கத்திலேயே இரண்டாம் தடவை, "புட்கி." வங்காளத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும், இது நிஷியின் வேலை. தெரிந்தவர்கள் குரலில் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஆளை இழுத்துக்கொண்டு போகிற பேய் அது. இரண்டு தடவைக்கு மேல் அதால் கூப்பிட முடியாது. மூன்றாம் தடவையும் கூப்பிட்டால் அது நிஷி இல்லை, நிஜ ஆள்தான். பெண் தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். முதல் பாகம் முற்றும்.

கேதகியின் கை நின்றது. எப்போது நின்றது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. பொரி நமுத்துப்போயிருந்தது. முதுகில் ஜில்லென்று ஒன்று ஏறியது. படியில் ஏதோ சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. பூனையாக இருக்கும், காற்றாக இருக்கும். அவ்வளவு பயத்தோடும் எழுந்து போய்த் தாழ்ப்பாளை எடுத்தாள். கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டு படியைப் பார்த்து நின்றாள். அம்மா ஒரு தடவை 'டுனி' என்று கூப்பிட்டுவிடமாட்டாளா என்று நின்றாள். அது நிஷியாகவே இருந்தாலும் பரவாயில்லை என்று நின்றாள்.

யாரும் கூப்பிடவில்லை. அப்புறம்தான் தான் என்ன காரியம் செய்துகொண்டு நிற்கிறோம் என்று உறைத்தது. உடம்பு நடுங்க ஆரம்பித்துவிட்டது. "ஜூமா! ஏ ஜூமா! கொஞ்சம் மேல வாயேன்!" என்று கத்தினாள். ஜூமா கையில் மாவோடு ஓடிவந்து, "என்ன தீதி, கரண்ட் அடிச்சிடுச்சா?" என்றாள். "இல்ல, சும்மா உட்காரு. பேசிக்கிட்டு இரு. என்ன வேணா பேசு" என்றாள் கேதகி. ஜூமா பாவம், சாயங்காலம் வரை மாமியாரைப் பற்றியே பேசினாள்.

இதைக் கிளப்பில் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். சொன்னாளா? அதுதான் இல்லை.

அடுத்த ஞாயிறு கிளப் அறை நிரம்பி வழிந்தது. தீதி தோற்றாளா ஜெயித்தாளா என்று பார்க்க வராதவனெல்லாம் வந்திருந்தான். போம்போல் அன்றைக்கு ஒரு பெரிய பெட்டி நிறைய, புது வெல்லம் போட்ட சந்தேஷ் வாங்கி வந்திருந்தான். சட்டைகூடப் புதுசு. "சும்மாத்தான், எல்லாரும் எடுத்துக்குங்க" என்றான். வருஷக்கணக்கில் வாயைத் திறக்காத மனுஷன் இனிப்போடு வந்திருக்கிறானே, என்ன விசேஷம் என்று ஒருத்தராவது கேட்க வேண்டாமா? கேட்கவில்லை. ஆளுக்கு இரண்டாக அள்ளிக்கொண்டார்கள்.

"சொல்லுங்க தீதி, கை நின்னுச்சா?" என்றாள் மிம்லி.

அத்தனை கண்ணும் கேதகிமேல். எப்படிச் சொல்வது? பள்ளிக்கூடப் பிள்ளைகள் புத்தகத்துக்குப் பயந்து கீழ்வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன் என்றா? கதவைத் திறந்து வைத்துக்கொண்டு செத்த அம்மாவுக்காக நின்றேன் என்றா?

"நிக்கறதா? கிண்ணம் தீர்ந்து, எழுந்து போய் இன்னொரு கிண்ணம் பிசைஞ்சுக்கிட்டு வந்தேன்."

ஜூமாவுக்குப் புரையேறியது. கேதகி அவளை ஒரு பார்வை பார்த்தாள். ஜூமா தண்ணீர் குடிக்கக் கிளம்பிவிட்டாள்.

ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அதோடு நிறுத்த வேண்டியதுதானே? சபை சிரித்ததும் கேதகிக்கு நாக்கு நீண்டுவிட்டது. "படியில ஒரு குரல் கேக்குது, கேக்குதுங்கிறான். யாரு குரல்? எதுக்குக் கூப்பிடுது? காரணம் வேண்டாமா? காரணமில்லாம ஒரு பேய் மூணு மாடி ஏறுமா, முட்டி வலிக்காது? இதை எழுதினவன் கரப்பான் பூச்சிக்குப் பயந்துக்கிட்டு கட்டில்மேல ஏறி உட்கார்ந்து எழுதியிருப்பான்."

"அதென்ன தீதி," என்றாள் மிம்லி, "காரணம் இருந்தா மனு குடுக்கற பேய்னு நீங்கதானே சொல்வீங்க?"

"நீ சந்தேஷைச் சாப்பிடு. வாய் நிறைய இருந்தா அழகா இருப்பே."

கிளப் அறையே அதிர்ந்தது. மிம்லியின் செலவில் மீன் சாப் வந்தது. போம்போலும் சிரித்தான். சிரித்துவிட்டு, காலிப் பெட்டியை மடித்து எடுத்துக்கொண்டு, கடையில் வேலை இருக்கிறது என்று போய்விட்டான். அதற்கப்புறம் ஞாயிறுகளில் முக்காலி காலியாக இருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

கேதகிக்கோ கதையில் வந்த அந்தப் பெண் தாழ்ப்பாளில் கை வைத்தபடியே நின்றாள். சோறு வடிக்கும்போதும் நின்றாள், ஆபீஸ் ஜன்னலிலும் நின்றாள். மூன்றாம் தடவை கூப்பிட்டதா இல்லையா? இது தெரியாமல் எப்படித்தான் இருப்பது? பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, புத்தகத்தின் பின்னட்டையில் இருந்த காலேஜ் ஸ்ட்ரீட் பதிப்பாளரின் எண்ணுக்கு ஆபீஸிலிருந்து போன் போட்டாள்.

"ரெண்டாம் பாகம் எப்போ சார் வருது?"

"வராதுங்க மேடம்" என்றார் அந்த மனுஷர் பெருமூச்சோடு. "ஆள் எழுதமாட்டேன்னுட்டார். முதல் புத்தகம் நல்லாத்தான் போச்சு. ஆனா அவர் பகுதியில யாரோ ஒரு அம்மாவாம், பேய்க்கதைன்னா அவங்க சொல்றதுதான் வேதமாம். அவங்களுக்குக் கை நிக்கலையாம். கைன்னா என்ன கைன்னு எனக்குப் புரியலை. அதோட பேனாவை மூடிட்டார்."

கேதகி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "அவரு எந்தப் பகுதி?"

அவர் எங்கள் சந்தின் பேரைச் சொன்னார். "அங்கே லாண்ட்ரிக் கடை வச்சிருக்கார். நல்ல மனுஷர், ஆனா கூச்சம். ஆசிரியர் பிரதிகளை ரெண்டு தடவை கூரியர்ல அனுப்பினேன். ரெண்டு தடவையும் திரும்பி வந்துடுச்சு. நிர்மால்ய சர்க்கார்னு இந்தச் சந்துல யாருமே கிடையாதுன்னு மாடியிலேர்ந்து ஒரு பொம்பளை கத்துறாங்களாம். சொந்தச் சந்துலயே ஆளைத் தெரியலைன்னா என்ன மேடம் அநியாயம்!"

அந்தப் பொம்பளை யார் என்று கேதகி கேட்கவில்லை. துணி உலர்த்திக்கொண்டே, "இல்லவே இல்லப்பா, எனக்குத் தெரியாத ஆளா?" என்று கூரியர்காரனை விரட்டினது தானேதான் என்பது நன்றாக நினைவிருந்தது. பார்சலில் இருந்த பேரை அவன் கத்திச் சொன்னபோது அது காதில் ஏறவே இல்லை. புத்தகத்தில் பார்த்தபோதும் நினைவு வரவில்லை. போனை வைத்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டாள். ஜன்னலில் நின்ற ஆள், "ஏன் மேடம், உங்க வீட்டுலயும் கரண்ட் இல்லையா?" என்று கேட்டான்.

அன்றைக்கே சாயங்காலம் போம்போலின் கடைக்குப் போனாள். இஸ்திரிப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

"நிர்மால்ய சர்க்காரா நீ?"

போம்போல் இஸ்திரியை நிமிர்த்தி வைத்தான். "பள்ளிக்கூடத்துல அப்படித்தான் கூப்பிட்டாங்க."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"அன்னைக்குச் சொல்லணும்னுதான் வந்தேன் தீதி. இனிப்பெல்லாம் வாங்கிட்டு." குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் கேதகிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"போம்போல், நான் சொன்னது பொய். உன் புத்தகத்துக்கு என் கை நின்னுடுச்சு. பயந்துட்டேன். ஜூமாவைக் கேட்டுப் பாரு."

அவன் சிரித்தான். சின்னக் குழந்தை மிட்டாய் கொடுத்தால் சிரிப்போமே, அப்படி. "நீங்க நல்லவங்க தீதி. நான்னு தெரிஞ்சதும் மனசு கேக்கலை, இல்ல? பரவாயில்லை. ஜூமா அண்ணியும் நல்லவங்கதான். யாருன்னு தெரியாதப்போ சொன்னீங்களே, அதுதான் உண்மையான அபிப்பிராயம். அது எனக்கு உபயோகமாத்தான் இருந்துச்சு. உங்க சால்வை நாளைக்கு ரெடியாயிடும்."

பொய் சொன்னபோது சந்தே நம்பியது. உண்மையைச் சொன்னால் ஒருத்தன் நம்பமாட்டேன் என்கிறான். இதைவிட ஒரு தண்டனை இருக்குமா?

சரி, சபையில் சொன்ன பொய்யைச் சபையில்தான் கழுவ வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை போம்போலின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளப்புக்குப் போனாள். அதற்குள் விஷயம் பரவிவிட்டது. எங்கள் சந்துக்கு ஒரு எழுத்தாளனா என்று ஹாபுல் அவனுக்கு மாலையே வாங்கி வைத்திருந்தார். கேதகி எழுந்து நின்றாள். "எல்லாரும் கேட்டுக்குங்க. அந்தப் புத்தகத்துக்கு நான் பயந்தேன். நடுங்கிட்டேன். மிம்லிக்கு மீன் சாப் நான் தரணும்."

கைதட்டல் என்றால் அப்படிக் கைதட்டல். "என்ன மனசு நம்ம தீதிக்கு!" என்றார் ஹாபுல் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சந்துப் பையன்னு தெரிஞ்சதும் தன்னோட மானத்தையே விட்டுக் குடுத்துட்டாங்க பாருங்க!"

"ஐயோ, விட்டுக் குடுக்கலை, நிஜமாத்தான் பயந்தேன்!"

"சரி சரி தீதி, நம்பிட்டோம்" என்று எல்லோரும் கண்ணடித்தார்கள். "நான் பார்த்தேன், நிஜந்தான்" என்று ஜூமா கத்தினாள். அவளுக்கும் கைதட்டினார்கள். மிம்லி கேதகியின் காதில், "நடிப்பு சுமார்தான் தீதி, ஆனா மீன் சாப் ஓகே" என்றாள். மாலையைப் போட்டுக்கொண்டு நின்ற போம்போலின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பரிதாபப்பட்டு வாங்கிக் கொடுத்த மாலை என்று அவன் நினைக்கிறான் என்பது நன்றாகவே தெரிந்தது. இனி இவன் ஜென்மத்துக்கும் எழுதமாட்டான், அந்தப் பெண் கதவைத் திறக்காமலே நிற்கப் போகிறாள், அதற்குக் காரணம் என் நாக்கு என்று கேதகிக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுக் கடைக்குப் போனாள்.

"ரெண்டாம் பாகம் கொஞ்சமாவது எழுதியிருப்பே. எடு."

"எதுக்கு தீதி? எழுதின மட்டும் மேசையில கிடக்கு. தூக்கிப் போடணும்."

"தூக்கிப் போடறதுன்னா என்கிட்ட போடு."

மறுத்துப் பேசத் தெரியாத மனுஷன். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனான். கேதகி வாடிக்கையாளர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள். முதல் நாலு பக்கம் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் புருவம் ஏறியது. காது சிவந்தது. சட்டை வாங்க வந்த ஒரு ஆள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டான்.

"இது யாருடா இந்தச் சித்தப்பா?"

போம்போல் திரும்பினான். "அது... அந்தப் பொண்ணோட சித்தப்பா."

"தெரியுது! எங்கேர்ந்து வந்தான்? அவங்க அம்மா குரலைப் போன்ல பதிவு பண்ணி வச்சுக்கிட்டு, வீட்டை எழுதி வாங்கறதுக்காகப் படியில ஒளிஞ்சு நின்னு போட்டுக் காட்டறானா? ஏன்டா, உனக்கு அறிவு இருக்கா? அந்தப் பேரு அவங்க அம்மாவுக்கும் அவளுக்கும் மட்டும்தானே தெரியும்! இந்தத் தடியனுக்கு எப்படித் தெரிஞ்சுது? உயிரைக் குடுத்து ஒரு குரலைப் படியேத்திக் கொண்டுவந்துட்டு, கடைசியில சொத்துத் தகராறா? போலீஸ் வேற வருது! கிச்சடிதான் பாக்கி! குப்பை! சுத்தக் குப்பை! யாரு உன்னை இப்படி எழுதச் சொன்னது?"

"நீங்கதான் தீதி" என்றான் போம்போல். "காரணம் வேண்டாமான்னு கேட்டீங்களே. யாரு குரல், எதுக்குக் கூப்பிடுதுன்னு. அன்னைக்கு வீட்டுக்குப் போனதும் அதைத்தான் முதல்ல எழுதிப் பார்த்தேன். நல்லா வரலை. அதான் விட்டுட்டேன்."

"நான் சொன்னா? நான் பொய் சொன்னேண்டா, மடையா!" கேதகி எழுந்து நின்றுவிட்டாள். "அதுக்குக் காரணம் எதுக்குடா? காரணம் கேக்கற நிலைமையிலயா நான் இருந்தேன்? பயத்துல கை காலெல்லாம் உதறுது. அதோட போய்க் கதவைத் திறந்தேன்! தெரியுமா உனக்கு? விரியத் திறந்து வச்சுக்கிட்டு நின்னேன். எனக்கும் ஒரு பேரு உண்டு. டுனின்னு. அம்மா மட்டும்தான் கூப்பிடுவா. ஒரு தடவை கூப்பிட்டுட மாட்டாளான்னு நின்னேண்டா. நிஷியா இருந்து என்னை இழுத்துக்கிட்டுப் போனாலும் போகட்டும்னு நின்னேன். ஐம்பது வயசுக் கிழவியை நட்டநடு மத்தியானத்துல கதவைத் திறக்க வச்சுட்டு, இப்போ சித்தப்பாங்கிறியே, சித்தப்பா!"

வாசலில் நின்ற ஆள் சட்டை இன்னொரு நாள் வாங்கிக்கொள்ளலாம் என்று நழுவிவிட்டான்.

போம்போல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை நாள் முகத்தில் ஒட்டியிருந்த அந்த மரியாதைச் சிரிப்பு போயே போய்விட்டது. பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கண் பெரிதாகியிருந்தது. நம்பிவிட்டான். இவ்வளவு திட்டு திட்டுகிற மனுஷி பரிதாபத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுவாளா என்ன?

"கூப்பிட்டாங்களா, தீதி?" என்று மெதுவாகக் கேட்டான்.

"இல்ல" என்றாள் கேதகி. பெஞ்சில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

போம்போல் அவள் கையிலிருந்து காகிதக் கட்டை வாங்கினான். சித்தப்பா வருகிற பக்கங்களை ஒவ்வொன்றாக உருவிக் கீழே போட்டான். மிச்சம் இருந்தது நாலே நாலு பக்கம். இஸ்திரி மேசையில் துணியை ஒதுக்கிவிட்டு அதை வைத்தான். காதில் செருகியிருந்த பேனாவை எடுத்தான்.

"அந்தப் பொண்ணை மூணாவது தடவை கூப்பிடட்டும், தீதி. அவளையாவது கூப்பிடட்டும்."

கேதகி கீழே கிடந்த சித்தப்பா பக்கங்களைப் பொறுக்கிக் கூடையில் போட்டாள்.

"கூப்பிடட்டும். ஆனா கதவைத் திறக்கறப்போ எனக்கு ஈரக்குலை நடுங்கணும். இல்லேன்னா கடையைக் கொளுத்திடுவேன், சொல்லிட்டேன்."

"சரி, டுனி தீதி" என்றான் போம்போல், எழுத ஆரம்பித்துக்கொண்டே.